உதட்டோர மச்சம்

கிட்டே வந்து உட்காருங்கள், செல்லங்களே. ராஜாக்கள் ஆண்ட காலத்துக் காதல் கதை ஒன்று சொல்கிறேன்.

ஆற்றங்கரை ஊரில் ஒரு கல்யாணத் தரகுக்காரி இருந்தாள். நாற்பது வயதாகியும் தனிக்கட்டை. ஆனால் ஊரில் ஒருவரையும் தனியாக இருக்க விடமாட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெண்ணின் அழகை அவள் சொல்லச் சொல்ல, கடைத்தெருக் கடிதக்காரர் எழுதி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவார். பனி மூடிய காலைகளில், மை காயும்வரை இருவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருடம் மூன்று சம்பந்தங்கள் முறிந்தன. மூன்றாவது மாப்பிள்ளையின் அக்கா கடிதத்தோடு வந்து நின்றாள்.

"பொண்ணுக்கு உதட்டோரம் மச்சம், சிரிச்சா ஒரு கண்ணு மூடிக்கும்னு எழுதியிருக்கு. போய்ப் பார்த்தா மச்சமும் இல்ல, மண்ணும் இல்ல!" என்றவள், தரகுக்காரியை உற்றுப் பார்த்தாள். "அய்யய்யோ, இது நீங்கதானே!"

தரகுக்காரி கடிதக்காரரிடம் ஓடினாள்.

"என் பிழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே! இனிமே யாரு என்னை நம்புவா?"

"உங்க முகத்தைப் பார்த்தா கை அதையே எழுதிடுது."

"பத்து வருஷமா ஒழுங்காத்தானே எழுதினீங்க?"

"தலை நிமிராம எழுதினேன். இந்த வருஷம் முடியல."



"மாப்பிள்ளைக்கு என்ன குறைன்னு விசாரிக்காம நான் சம்பந்தம் பேசறதில்ல," என்றாள் மெல்ல.

"குறட்டை விடுவேன்."

"ம்... மேல சொல்லுங்க," என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றே கடிதம் சொன்னாள். முறிந்த மூன்று சம்பந்தங்களும் கூடிவந்தன.

உங்கள் வீட்டிலும் பேச ஒருவரும், ஆசையாய்க் கேட்க ஒருவரும் என்றும் குறையாமல் இருக்கட்டும்.