பதிவு செய்யாத குரல்

என் தங்கையின் முகம் தெரியாதவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. ரயில் நிலையத்தில் வண்டி வருகிறது, போகிறது, தாமதம் என்று சொல்வது அவள்தான். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பேர். நான் அதே நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறேன். "அவ வாய்க்குச் சம்பளம் தர்றாங்க, நீ இலவசமாவே பேசுற" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுக் கைக்கெட்டாத தூரத்தில் நின்றுகொள்வார்.

அந்த ரேடியோ சில மாதம் வாயடைத்துக் கிடந்தது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து, ஆப்பில் கார் பிடித்து வீட்டுக்குக் கிளம்பினாள். ஓட்டுநர் வழியை மாற்றி, ஆளில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி அவளிடம் அத்துமீறினான். கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. அது அவள் சொல்ல வேண்டியது.

அவள் விடுப்பில் இருந்தபோது நிலையத்தில் அவளுடைய பழைய பதிவுகளை ஓடவிட்டார்கள். பகல் முழுக்க என் தலைக்கு மேல் என் தங்கை கணீரென்று பேசிக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். எனக்கு அந்த ஒலிபெருக்கியைக் கல்லால் அடிக்கலாம் போலிருக்கும்.

வக்கீலம்மா வந்த பிறகுதான் வீட்டில் மூச்சு விட முடிந்தது. கேஸ் கட்டை மேஜையில் வைப்பதற்கு முன்பே பிஸ்கட் டப்பா எங்கே என்று கேட்கிற ஆள்.

"போலீஸ் கேஸ் அவன் மேல, அது ஒரு பக்கம் நடக்கட்டும். கம்பெனி மேல தனியா நஷ்ட ஈடு கேஸ் போடலாம்" என்றார்.

"அவன் எங்க ஆளே இல்லைன்னு சொல்றாங்களே மேடம்" என்றேன்.

"வண்டி அவங்க ஆப்ல வந்துச்சு, காசு அவங்க ஆப் வழியா போச்சு, தப்பு நடந்தா மட்டும் அவன் யாரோவா? போலீஸ் தோண்டினதுல இன்னொண்ணும் வெளிய வந்திருக்கு. இதுக்கு முன்னாடியே ரெண்டு பொண்ணுங்க அவன் மேல புகார் குடுத்திருக்காங்க. தெரிஞ்சேதான் அவனை ஓட்ட விட்டிருக்காங்க."

அந்த இரண்டு பேரையும் கம்பெனி தனி அறையில் உட்கார வைத்து, பணத்தைக் கொடுத்து, வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டதாம். எங்களிடமும் அதே தட்டோடுதான் வந்தார்கள். ஆப்பை இறக்கும்போது 'சம்மதம்' என்ற பொத்தானை இவள் அமுக்கிவிட்டாளாம். அதனால் நீதிமன்றப் பக்கமே போகக் கூடாதாம், கதவைச் சாத்திக்கொண்டு பேசித் தீர்க்க வேண்டுமாம். பேசுவதையே தொழிலாக வைத்திருப்பவளிடம் வாயை மூடச் சொல்கிறார்கள், தைரியத்தைப் பாருங்கள்.

அம்மாவுக்கு அதுவே நல்லது என்று பட்டது. "ஊரு வாய்ல விழணுமாடி? குடுக்குறதை வாங்கிட்டுப் பேசாம இரேன்."

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "அவங்க ரெண்டு பேரையும் பேச விட்டிருந்தா நான் அந்த வண்டியில ஏறியிருக்கவே மாட்டேன்ம்மா. எனக்கு அடுத்து ஏறுறவளுக்கு யாரு சொல்லுவா?"

அவ்வளவு நீளமாக அவள் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

வக்கீலம்மா கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "உங்க பொண்ணு பேரு வெளிய வராதும்மா, அதுக்குச் சட்டத்துல வழி இருக்கு. எல்லார் முன்னாடியும் கோர்ட்ல பேச விடுங்கன்னுதான் ஜட்ஜ்கிட்ட கேக்கப் போறோம்."

ஜட்ஜ் முடிவு சொல்லும் நாளன்றே ரேடியோ வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் இருந்தால் நகத்தோடு விரலையும் சேர்த்துத் தின்றுவிடுவேன் என்றாள். ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். "முதல் நாள், பதிவே ஓடட்டும். நீங்க சும்மா உக்காந்திருங்கம்மா" என்று விட்டுவிட்டார்.

அந்த அறையில் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கிப் பிடித்திருந்தால்தான் குரல் வெளியே போகும். மற்றவர்கள் விரலால் அமுக்குவார்கள். இவள் முழங்கையை அதன்மேல் ஊன்றி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பேசுவாள். வருஷக்கணக்கான பழக்கம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் முழங்கை தானாக அங்கே போய்விடும்.

மதியம் என் கவுண்டரில் வரிசை வாசல் வரை நின்றது. ஜன்னல் ஓர சீட்தான் வேண்டும் என்று ஒரு பெரியவர் என் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தார். மேலே பதிவு ஏதோ ஒரு வண்டியின் தாமதத்துக்கு வருந்திக்கொண்டிருந்தது. பாதியில் அது கரகரத்து நின்றது.

"சொல்லுங்க மேடம்... ஒத்துக்கிட்டாரா? நிஜமாவா? எல்லாரும் கேக்கப் பேசலாமா?"

அடுத்து ஒரு கூச்சல். சின்ன வயதில் ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது போடுவாளே, அதே கூச்சல். "அக்கா! எங்கடி இருக்க? நான் பேசலாமாம்!"

நடைமேடை முழுக்க ஆட்கள் அப்படியே நின்று மேலே பார்த்தார்கள். என்ன ஏது என்று ஒருவருக்கும் தெரியாது. பேரும் போகவில்லை, விஷயமும் போகவில்லை, சந்தோஷம் மட்டும் ஊரெல்லாம் கேட்டுவிட்டது. யாரோ கைதட்டினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள்.

"யாரும்மா அது?" என்றார் பெரியவர்.

"என் தங்கச்சிங்க" என்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அழுகையும் சிரிப்புமாக அவருக்கு ஜன்னல் ஓரமே கொடுத்தேன், அவர் கேட்காத ஊருக்கு. பிறகு கவுண்டரைச் சாத்திவிட்டு ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் திட்டியிருப்பார்கள், திட்டட்டும்.

எனக்கு முன்பே ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியதில், "முழங்கை! முழங்கை!" என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. ரேடியோ கையை எடுத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். போனில் வக்கீலம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"சம்மதம்னு பொத்தானை அமுக்கின கதை எல்லாம் எடுபடல. ஆனா கேஸ் இனிமேதான் ஆரம்பம், இழுத்தடிப்பாங்க. சாயங்காலம் வர்றேன், பிஸ்கட் வாங்கி வைங்க!"

நான் என் தங்கையைக் கட்டிக்கொண்டேன். ஸ்டேஷன் மாஸ்டருக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

"சரிம்மா, சரி. வெளிய எல்லாரும் முழிச்சிட்டு நிக்கிறாங்க. ஏதாவது விளக்கம் சொல்லணுமே. பழைய பதிவுல மன்னிப்புக் கேக்குறது இருக்குல்ல, அதையே போட்டுடவா?"

"வேணாம் சார்."

கண்ணைத் துடைத்தாள். தொண்டையைச் செருமினாள். கன்னத்தில் கை வைத்து, முழங்கையை ஊன்றினாள்.

"பயணிகளின் கவனத்திற்கு. சற்று முன் ஏற்பட்ட இடையூறுக்கு வருந்துகிறோம்." என்னைப் பார்த்தாள். முகத்தில் பழைய குறும்பு வந்திருந்தது. "இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது பதிவு செய்யப்பட்ட குரல் அல்ல."