அக்கா கழற்றிய கம்பி

வால்வு அருமையாக உட்கார்ந்திருக்கிறதாம். டாக்டர் அதைச் சொன்ன அழகைப் பார்த்தால், பொருத்தியது என் அக்காவின் இதயத்தில் இல்லை, அவர் வீட்டுக் கூடத்தில் என்று தோன்றும்.

"தொடை வழியா குழாய் விட்டு வச்சது. நெஞ்சைக் கிழிக்கவே இல்ல. மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார்.

"காலையில பாத்ரூம் வாசல்ல சரியப் பாத்தாளே, சார்?"

"பலவீனம்."

"இந்த மெஷின் அடிக்கடி அலறுதே?"

"நெஞ்சுல ஒட்டின கம்பி கழண்டா கோடு நேராயிடும், சத்தம் போடும். இதயத்தோட தப்பு இல்ல, கம்பியோட தப்பு."

புது வால்வு பக்கத்தில் ஓடும் இதயத்தின் மின்பாதையை நெருக்கினால் துடிப்பு நின்று நின்று வரலாம், அதைப் பிடிக்கத்தான் இந்தக் கம்பிகள் என்று முன்பு படம் போட்டு விளக்கியவரும் இவர்தான். இப்போது கம்பி சொன்னால் நம்ப மாட்டாராம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என் கோபத்துக்கு எங்கும் மதிப்பில்லை; நான் கத்தினால் வீட்டுப் பூனைகூடப் புரண்டு படுக்காது. அவர் எதிர்க் கட்டிலுக்குப் போய்விட்டார்.

அக்கா நூலகத்தின் வாசிப்பறையை ஆண்டவள். பெரிய பெரிய ஆட்களையெல்லாம் உதட்டில் ஒரு விரல் வைத்தே அடக்கியவள்.

"மூஞ்சியை ஏன்டா அப்படி வச்சிருக்கே? வீட்டுக்குப் போய்..." என்றவள் பாதியில் நின்றாள். கண்கள் மேலே செருகின. மெஷின் அலறியது. நான் பதறி எழுவதற்குள் அவளுக்கு நினைவு திரும்பிவிட்டது. திரும்பியதும் செய்த முதல் காரியம், சட்டைக்குள் கைவிட்டு ஒரு கம்பியைப் பிடுங்கியது. அலறல் சின்னச் சிணுங்கலாக இறங்கியது.

"என்னக்கா பண்றே?"

"பக்கத்துல ஆள் தூங்குதுல்ல? எனக்குக் கண்ணை இருட்டினாலே இது ஊளையிடுது. கழட்டிட்டா அடங்கிடும். அப்புறம் நானே ஒட்டிக்குவேன்."

"எப்பலேர்ந்து?"

"வந்ததுலேர்ந்துதான். நர்ஸம்மா பாவம், எத்தனை தடவை ஓடி வரும்?"

இதயம் நின்றது முதலில். கம்பி கழன்றது பிறகு. ஓடி வந்தவர்கள் கண்ணில் பட்டது கழன்ற கம்பி மட்டும்தான். எது முன்னால், எது பின்னால் என்று பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. இவள் மரியாதை பார்த்தே செத்துப்போவாள், அவர்கள் வால்வை மெச்சிக்கொண்டே அனுப்பிவைப்பார்கள்.

"சார்! இங்க வாங்க!" என்று கத்தினேன். என் குரல் என்றே நம்ப முடியவில்லை.

"மானத்தை வாங்காதடா."

"உன் மானத்தை நீயே வச்சுக்க. உயிரோட இரு, போதும்!"

டாக்டர் கடுகடுவென்று வந்தார். "பாருங்க, கம்பி கழண்டிருக்கு" என்று ஒட்டினார்.

"இவ கழட்டினது, சார். மயங்கித் தெளிஞ்ச பிறகு கழட்டினது."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. கண்ணு தெரியும்."

அவர் போகத் திரும்பினார். நான் குறுக்கே நின்றேன். ஒரு விரலால் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம், என் எடை அவ்வளவுதான். "ஐயா, நகருங்க" என்று நர்ஸ் என் தோளைத் தொட்டபோது மெஷின் மறுபடி அலறியது.

அக்காவின் தாடை தொங்கியது. திரையில் கோடு நீண்டுகொண்டே போனது. டாக்டர் அவள் கழுத்தில் விரலை வைத்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்; சத்தியமாகச் சந்தோஷம் வரவில்லை.

கோட்டில் ஒரு மேடு எழுந்தது. பிறகு இன்னொன்று. அக்கா விழித்தாள். கை நேராகச் சட்டைக்குள் போனது. இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டேன்.

"கம்பியெல்லாம் ஒட்டித்தான் இருக்கு" என்று டாக்டர் தனக்குள் சொன்னார். பிறகு வார்டே அதிர, "வீட்டுக்கு அனுப்பறதை நிறுத்துங்க! பேஸ்மேக்கர் வைக்கணும். அதுவரைக்கும் வெளியிலிருந்து துடிக்க வைக்கிற மெஷினைக் கொண்டாங்க, ஓடுங்க!" என்றார்.

"விடுடா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"வலிக்குதுடா, தடியா."

பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன், விடவில்லை. என் விரலடியில் நாடி ஒருமுறை தட்டியது. அடுத்த தட்டலுக்காக, அவளைத் திட்டிக்கொண்டே காத்திருந்தேன்.