கேப்பைக்கு இடமில்லாத ஆப்

கோபி பைக்கை நிறுத்திவிட்டு, கொல்லைக்குள் இறங்காமலே வரப்பில் நின்று போனை நீட்டினான். திண்டிவனத்துக் கடன் கம்பெனியின் ஆள் அவன். பயிரைப் போட்டோ பிடித்து ஏற்றினால்தான் கெங்கம்மாளுக்குக் கடனின் இரண்டாம் தவணை வரும். அதை நம்பித்தான் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, பிடுங்க அவள் ஆள் சொல்லியிருந்தாள்.

"இன்னாம்மா இது? பாதிக் கொல்லையில கேப்பை நிக்குது. ஆப்ல முழுக்க மல்லாட்டைனு இருக்குது."

"நான் அன்னிக்கே பாதி கேப்பைன்னு சொன்னேன் தம்பி. ஆப்ல கேப்பையே இல்லன்னு நீதான் மல்லாட்டைனு போட்டுக்கினு போன."

கோபி தலையைச் சொறிந்தான். கெங்கம்மாளுக்கு இதில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. போன தடவை கம்பெனி பேச்சைக் கேட்டு முழுக்க மல்லாட்டை போட்டாள். கார்த்திகைப் புயலில் ஒலக்கூர்ப் பக்கமே வெள்ளக்காடாகி, அத்தனையும் அழுகிப்போனது. வெள்ள நிவாரணம் கணக்கில் விழுந்த கையோடு, ஒரு வார்த்தை கேட்காமல் கம்பெனி அதைக் கடன் பாக்கிக்கு இழுத்துக்கொண்டது. சொந்த நிலம் வைத்துக்கொண்டு, மகள் கலைப்பிரியாவின் கஞ்சிக்குப் பக்கத்து வீட்டில் அரிசி கேட்டு நின்றாள். அந்த அவமானம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை; அதனால்தான் இந்தத் தடவை வீட்டுச் சோற்றுக்கென்று பாதிக் கொல்லையில் கேப்பை விதைத்தாள்.

"பேஜாரு பண்ணாதீங்கம்மா. பக்கத்துல பெரியசாமி கொல்லை முழுக்க மல்லாட்டைதான். அங்க போய் நில்லுங்க, ஜல்தியா ஒரு போட்டோ. சாயங்காலமே பணம் ஏறிடும்."

அவளுக்கும் சபலம் தட்டியது. வரப்பைத் தாண்டக் காலைக்கூடத் தூக்கிவிட்டாள்.

"அந்தப் போட்டோவுக்கு எவ்ளோ குடுப்பாங்க?"

"பத்து மூட்டை வெளையும்னு கணக்குப் பண்ணி, அதுக்கு உண்டான கடன்."

தூக்கிய காலைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அஞ்சுதான தேறும்? அத வெச்சுக்கினு பத்து மூட்டைக் கடன எப்பிடிக் கட்டுவேன்? வீட்டுக் கேப்பைய வித்துத்தான் கட்டணும். நல்லா இருக்குதுடாப்பா உங்க நியாயம்!"

விறுவிறுவென்று கேப்பைக்குள் இறங்கி, இடுப்பளவு கதிர்களுக்கு நடுவே நிமிர்ந்து நின்றாள். "இங்க எடு."

எடுத்தான். போனில் சிவப்பு விழுந்தது.

"தப்பான பயிர்னு காட்டுதும்மா."

"இன்னொரு தபா எடு."

மறுபடியும் சிவப்புதான். "பணம் வராதும்மா. மல்லாட்டைய எப்பிடிப் புடுங்குவீங்க?"

கெங்கம்மாள் வரப்புப் பக்கம் திரும்பினாள். பெரியசாமி கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த கூலியாள் செண்பகத்தை எட்டிக் கூப்பிட்டாள்.

"செண்பகம்! நாளைக்கு ஆளுங்கள இட்டுக்கினு வர்றியா? காசு இல்ல. புடுங்குற மல்லாட்டையிலயே பங்கு."

"அளவு கொறையாம குடுப்பீங்களாக்கா?"

"நீயே அளந்து எடுத்துக்க."

"அப்ப வர்றோம்."

கோபி போனைச் சட்டைப் பைக்குள் போடப் போனான்.

"நில்லு தம்பி. அந்தப் போட்டோவ அழிக்காத, அப்பிடியே கம்பெனிக்கு அனுப்பு. எம்பொண்ணு துன்ற சோத்த உங்க ஆப் தப்புன்னு சொல்லுதாம், அவங்களும் பாக்கட்டும்."