காசிக்கு என்றால் சரி

1975 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை, விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டு வீடொன்றில் கலியமூர்த்தி தன் தங்கை நீலாவதியின் தகரப் பெட்டிப் பூட்டை உடைத்தார். உள்ளே இரண்டு புடவைகள், தோளில் மாட்டும் காக்கிப் பை, துணியில் முடிந்த பணம், புதிய கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி.

ஷூ ஆண்கள் போடுவது.

"யாருது இது?"

நீலாவதி அடுப்படி வாசலில் நின்றாள். கணவன் செத்த பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். பீங்கான் பட்டறையில் கொலு பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறாள். கூலியில் பெரும்பகுதி அண்ணி கைக்குப் போய்விடும்.

"என்னுதுதாண்ணே."

"பொய்க்கும் ஒரு அளவு வேணாம்?" என்றாள் அண்ணி அம்புஜவல்லி. "பட்டறையில டீகூட குடிக்கிறதில்லையாம். எவனுக்கோ சேக்குதுன்னு அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?"

நீலாவதி உட்கார்ந்து ஷூவை மாட்டிக் காட்டினாள். பொருந்தியது.

"பொம்பளைக்கு இந்த ஊருல ஷூ விக்கல. ஸ்கூலு பசங்க அளவு கேட்டு வாங்கினேன்."

"இதைப் போட்டுக்கிட்டு எங்க போற?"

"காத்மாண்டு. நேபாளத்துல இருக்குது. தனியாத்தான்."

எத்தனை பொம்மைக்கு வர்ணம் பூசினால் எவ்வளவு தூரம் போகலாம் என்றே அவள் பட்ஜெட் போட்டிருந்தாள். பார்வதி பொம்மைக்குக் கூலி அதிகம், செட்டியார் பொம்மைக்குக் குறைவு. காசி வழியாக கோரக்பூர் வரை ரயிலில் பார்வதிகள் கொண்டுபோய் விடுவார்கள். எல்லை தாண்டி பஸ்ஸுக்கும் சத்திரத்துக்கும் செட்டியார்கள். திரும்பி வருவதற்குத்தான் இன்னும் பொம்மை போதவில்லை.

"பாஸ்போர்ட்டு வேணாம்ணே. நம்ம ரூபாயே செல்லுமாம்."

"எவன் சொன்னான்?"

"நீங்க இட்டாந்தீங்களே, அந்த வெள்ளைக்காரப் பொண்ணுதான்."

போன வருடம் முதுகில் பையோடு கோயில் பார்க்க வந்தவளை வீட்டுக்கு அழைத்து காபி கொடுத்தவர் கலியமூர்த்தி. நீலாவதியின் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ்தான் இருவருக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்தது. "ஒண்டியா உலகத்தையே சுத்துது! இந்தத் தைரியம் நம்ம பொம்பளைங்களுக்கு எங்க வரும்?" என்று அவர் தெருவெல்லாம் சொன்னார்.

"அவ வெள்ளைக்காரி," என்றாள் அம்புஜவல்லி. "நீ தாலியறுத்தவ. உனக்கு எதுக்கு ஊரு சுத்துறது?"

கலியமூர்த்தி பண முடிச்சை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

"காசிக்குன்னா சொல்லு. அடுத்த மாசம் யாத்திரை கோஷ்டி கெளம்புது. டிக்கெட்டு நானே எடுத்துத் தரேன். தெருவுல ஒருத்தன் கேக்க மாட்டான்."

"காசியிலும் வீசம் பெருசு நம்ம ஊரு விருத்தகாசின்னு சொல்வீங்களே. அப்ப இங்கிருந்து காசிக்கு எதுக்குண்ணே?"

"ஏட்டிக்குப் போட்டி பேசாத. போறியா, இல்லியா?"

"டிக்கெட்டு நீங்க எடுப்பீங்களா?"

"எடுக்கறேன்னேனே."

காசி வரைக்குமான பார்வதிகள் மிச்சம். நீலாவதி மனதுக்குள் கணக்கைத் திருத்தினாள். திரும்பி வருவதற்கும் இப்போது பணம் போதும்.

"சரி. வழிச் செலவுக்கு அந்த முடிச்சைக் குடுங்க."

கொடுத்தார். அம்புஜவல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னா, இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கிட்ட?"

"புண்ணியம் கசக்குமா அண்ணி?"

கோஷ்டி புறப்பட்ட அன்று தெருவே ஸ்டேஷனுக்கு வந்தது. காலையில் அவள் எதிரே வந்தால் ஒதுங்கிப் போகிறவர்கள், விசுவநாதர் உண்டியலில் போடச் சொல்லி அவள் கையில் சில்லறை வைத்துக் கும்பிட்டார்கள். கங்கைத் தண்ணீருக்காக அம்புஜவல்லி ஒரு செப்புச் சொம்பு கொடுத்தாள். நீலாவதி வெறுங்காலோடு ரயில் ஏறினாள். ஷூ பைக்குள் இருந்தது.

கோஷ்டி திரும்பியபோது அவள் அதில் இல்லை. காசியில் சொல்லிக்கொண்டு வடக்கே போய்விட்டாள் என்று கோஷ்டித் தலைவர் சொன்னார். எவனோடு என்று தெரு கேட்டது. தனியாகத்தான் என்றார் அவர். தெரு நம்பவில்லை.

பங்குனிக் கடைசியில் நீலாவதி வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. காலில் ஷூ. வரும் வழியில் காசியில் இறங்கி நிரப்பிய சொம்பை வாசலில் நின்று நீட்டினாள்.

அம்புஜவல்லி சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். கலியமூர்த்தி கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

நீலாவதி பட்டறைக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தாள். திங்கட்கிழமை வேலைக்குப் போனாள்.