மங்கலான லப்டொப்

வவுனியாவில் மஹ்றூபின் கடையில் கலியாண அட்டையும் மரண அறிவித்தலும் கொம்பியூட்டரில் அடித்துக் கொடுப்பவள் விமலேஸ்வரி. கரண்ட் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். அடித்தது பாதியில் அழிந்து, வந்தவர்களிடம் ஏச்சு வாங்கி அலுத்துப்போன மஹ்றூப், கொழும்புக்குப் போய் பற்றரியில் ஓடும் பழைய லப்டொப் இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு.

"பகல் முழுக்க முன்னால இருக்கப்போறது நீங்கதானே தங்கச்சி, நீங்களே சொல்லுங்க."

ஒன்றின் திரை பளிச்சென்று இருந்தது, எழுத்து கண்ணைக் குத்தவில்லை. ஆனால் மெமரி குறைவு, கூட்டவும் வழியில்லை. மற்றதில் மெமரி தாராளம், இன்னும் கூட்டலாம். திரைதான் அழுதுவடிந்தது. நேரே இருந்து பார்த்தால்தான் தெரியும், சற்றுச் சாய்ந்தால் கறுத்துவிடும்.

"இதுதான், மஹ்றூப் நானா" என்று அவள் அழுதுவடிந்ததைத் தொட்டாள்.

மஹ்றூபுக்கு விளங்கவில்லை. பின்னேரமானால் கண்ணெரிவு, தலையிடி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருப்பவள். கண் டொக்டரும் சொட்டு மருந்து கொடுத்து, திரை பார்ப்பதைக் குறைக்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"ஏன் கண்ணைக் கெடுக்கிறீங்க? கலியாண அட்டைக்கு மற்றதில இருக்கிற மெமரியே காணும்தானே?"

"காணாது நானா."

கலியாண அட்டையை யார் நினைத்தார்கள்! அவளுடைய கைப்பையில் ஒரு பிளொப்பி கிடந்தது. மகன் சதீஸ், ஜெர்மனியில் இருந்து வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டது. "அம்மா, இதில என்ர படம் இருக்கு" என்று போனில் சொல்லியிருந்தான். சண்டைக்குப் பயந்து, ஒன்பது வயதில் தன் அண்ணனின் குடும்பத்தோடு அனுப்பிவைத்த பிள்ளை. இப்போது பதினேழு. தொடக்கத்தில் படங்கள் வந்தன. பிறகு, "கமராவைக் கண்டால் ஓடுறான்" என்று அண்ணன் கைவிரித்துவிட்டார். குரல் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. அதுவும் இடையில் உடைந்து, யாரோ ஆம்பிளையின் குரலாகிவிட்டது.

கடையின் பழைய கொம்பியூட்டருக்கு அந்தப் படத்தைத் திறக்க மூச்சு முட்டியது. மேலே ஒரு துண்டு வானம், ஒரு கூரை, அவ்வளவுதான். மெமரி போதாது என்று நின்றுவிடும். பக்கத்துக் கடையிலும் அதே கதிதான். அந்தக் கூரைக்குக் கீழேதானே பிள்ளை நிற்கிறான்? இன்னும் ஒரு விரற்கடை இறங்கினால் தலைமயிராவது தெரியுமே என்று அவள் தவித்த தவிப்பு கொஞ்சமல்ல. அவன் முகத்தைப் பார்க்காத கண் இருந்தென்ன, போயென்ன!

அழுதுவடிந்தாலும் புதிதாக வந்த லப்டொப் படத்தைத் திறந்தது. வானம், கூரை, பிறகு தலைகள். நான்கு தமிழ்ப் பெடியள், பந்து விளையாடிக் களைத்து, தோளில் கைபோட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி. நான்கு பேருக்கும் அரும்புமீசை. விமலேஸ்வரி நிமிர்ந்து நேரே இருந்து பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள்.

மஹ்றூப் பின்னால் வந்து நின்றார்.

"மாஷா அல்லாஹ்! இதுக்குத்தானா? இதில உங்கட மகன் ஆர்?"

அவள் விரல் திரைக்கு முன்னால் கொஞ்சம் தயங்கியது. பிறகு நடுவில் நின்ற இருவரில் ஒருவனைத் தொட்டது.

"அப்பிடியே உங்கட மூக்கு" என்றார் அவர்.

"ஓம்" என்றாள்.

அவர் வாசலில் வந்த ஆளைக் கவனிக்கப் போனதும், மற்ற மூன்று பேரின் மூக்கையும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.