அதிகத்துக்கு ஒரு சொல்

1

பசறை பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் தமிழுமில்லாத, சிங்களமுமில்லாத ஏதோ ஒன்றில் பேசிக்கொண்டு வந்தார்கள். கேட்டேன். கங்காணிக்கு விளங்கக்கூடாதென்று தேயிலை மலையில் தாங்களே கட்டிய பாஷை என்றார்கள். கதை கிடைத்துவிட்டதென்று பதுளை வரை பூரித்துக்கொண்டே வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

2

'பனி விலகாத மலைச்சரிவில் இரு தோழிகள்...'

(பனியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.)

என் கதையில் புஷ்பமும் நிரஞ்சலாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவர்கள். நிரஞ்சலாவுக்குத் தோள்பட்டை வலி, கை ஓடாது. நிறை குறைந்தால் அரைப்பேர்.* அடிக்கடி அரைப்பேர் விழுந்தால் வேலையே போய்விடும். அதனால் நிறுக்கப் போகும் வழியில் புஷ்பம் பின்னால் நடந்து, தன் கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவாள். கூடை முதுகில் இருப்பதால் நிரஞ்சலாவுக்குத் தெரியாது.

*அன்றைக்குப் பாதிச் சம்பளம். இதற்கு மேல் விளக்கம் கேட்காதீர்கள்.

3

இவர்கள் பாஷையில் கொழுந்துக்குச் சொல் இருக்கிறது, கங்காணிக்கு நான்கு இருக்கிறது. 'அதிகம்' இல்லை, 'எல்லாரையும் விட அதிகம்' இல்லவே இல்லை. இதை வைத்துக்கொண்டு நிறுவைக் காட்சியை எப்படி எழுதுவது? நானே ஆக்கினேன்: அதிகத்துக்குத் தோகி, எல்லாரையும் விட அதிகத்துக்குத் தோதோகி. புஷ்பத்திடம் நீட்டினேன்.

"அது தராசுக்கு வேணும். எங்களுக்கு எதுக்குங்க?"

(நான் எழுதி உண்டாக்கிய ஆள், என்னிடமே இப்படிக் கேட்கிறாள்.)

4

வீம்புக்கு அந்தச் சொல்லை நிரஞ்சலாவின் வாயில் வைத்தேன்.

அன்று புஷ்பம் அளவு தெரியாமல் அள்ளிப் போட்டிருந்தாள். தராசில் நிரஞ்சலாவுக்கு முழுப்பேர், புஷ்பத்துக்கு அரைப்பேர். தமிழில் கேட்டால் கங்காணிக்கு விளங்கிவிடும் என்று இதுவரை நிறையைப் பற்றிக் கேட்காத நிரஞ்சலா, இப்போது சொல் கிடைத்ததும் தங்கள் பாஷையில் கேட்டாள்:

"ஒன்ன விட எனக்கு எப்படி தோகி?"

முடிவு அ: புஷ்பம் உண்மையைச் சொல்கிறாள். நிரஞ்சலா ரோஷக்காரி. நாளையிலிருந்து ஒரு இலை வாங்கமாட்டாள், வேலை போகும்.

முடிவு ஆ: கை வலி என்று பொய் சொல்கிறாள். நம்பிய நிரஞ்சலா, நாளைக்குத் தன் கூடையிலிருந்து இவளுக்கு அள்ளிப் போடுவாள். இரண்டு பேரும் கவிழ்வார்கள்.

முடிவு இ: கங்காணி திடீரென்று மனம் இளகி... (சீ.)

புஷ்பம் நிரஞ்சலாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறாள்.

"அந்தச் சொல்ல குடுத்தது நீங்கதானே. நீங்களே பதில் சொல்லுங்க."

எனக்குப் பயமாக இருக்கிறது. வாசிப்பவரே, அவள் வெறும் கூடையோடு அப்படியே நிற்கிறாள். நீங்களாவது அவளுக்கு ஏதாவது சொல்லித் தொலையுங்கள்.