முப்பத்தோரு அடி

கலீமுல்லாவின் வீட்டு டிவியில் வியாழக்கிழமை மாலை ஒரு பச்சைக் கோடு விழுந்தது. திரையின் வலது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி. தட்டிப் பார்த்தார். அணைத்துப் போட்டார். கோடு அசையவில்லை.

மயிலாப்பூரில் கண்ணாடிக் கடை வைத்து இருபத்தாறு வருஷமாக ஊராருக்குப் பவர் பார்த்துக் கொடுப்பவர் அவர். தன் வீட்டுத் திரையில் ஒரு கோடு நிற்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மனைவி ரூபீனாவையும் மகள் நாஸியாவையும் கூப்பிட்டு வாரக்கடைசித் திட்டத்தை அறிவித்தார்.

"சனிக்கிழமை தி.நகர் போய் புது டிவி பாக்கறோம். ஞாயித்துக்கிழமை பாலவாக்கம், என் தங்கச்சி வீட்டுல சாப்பாடு. சாயங்காலம் பீச். சரியா?"

"டிவி எதுக்கு அத்தா? ப்ரொஜெக்டர் வாங்கிடலாம்" என்றாள் நாஸியா. "ஸோஃபாவைத் திருப்பிப் போட்டுட்டு ஜன்னலுக்குக் கனமா ஒரு கர்ட்டன் மாட்டினா போதும், தியேட்டர் மாதிரி இருக்கும்."

அவருக்கும் அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் எதிர்வீட்டு ஜானு மாமியும் அவர் கணவர் கபாலி மாமாவும் நின்றிருந்தார்கள். மாமி பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர், மாமா இன்ஷூரன்ஸில். தெரு குறுகலானது. இரண்டு வீடுகளும் முதல் மாடியில் ஜன்னலுக்கு ஜன்னல் நேராக இருந்தன. ஒன்பது வருஷப் பழக்கத்தில் கீழே பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். இன்று மாமி கையில் ஒரு டப்பா நிறையத் தேங்குழல்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் மாமி சொன்னார்: "ப்ரொஜெக்டர் வேண்டாம், பாய்."

கலீமுல்லாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமி நிதானமாக விளக்கினார்.

"எங்காத்து டிவியை ஆறு வருஷம் முன்னாடியே கொடுத்துட்டோம். எதிராத்துல இவ்வளவு நன்னா தெரியறச்சே நமக்குன்னு தனியா எதுக்குன்னு இவர்தான் சொன்னார். நீங்க கர்ட்டன் போட்டுட்டேள்னா நாங்க சாயங்காலம் என்ன பண்றது?"

"சத்தத்துல ஒண்ணும் குறையில்லே" என்றார் மாமா. "நீங்க ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திண்டா மட்டும் வாயசைவைப் பாத்துப் புரிஞ்சுப்போம். மே மாசம் பூரா அப்படித்தான் ஓடறது."

"குறைன்னா ஒண்ணே ஒண்ணு" என்று மாமி ரூபீனாவின் பக்கம் திரும்பினார். "ஒம்பது மணி சீரியல்போது நீ நடுவுல நின்னுண்டு துணி மடிக்கறே, பாரு."

"நாளையிலேர்ந்து உக்காந்து மடிக்கிறேன், மாமி" என்று சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது ரூபீனாவுக்கு உறைத்தது.

கலீமுல்லாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு ஏதோ. ஆறு வருஷமாக மாலை தவறாமல் இரண்டு பேர் தன்னோடு உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய் அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார்.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பியவரைக் கீழே இசக்கியம்மாள் நிறுத்தினாள். அவர் வீட்டு வாசலையொட்டி வண்டி போட்டுத் துணி தேய்ப்பவள். பெயர்தான் தெற்கத்திப் பெயர், பேச்சு முழுக்க இந்தத் தெரு.

"இன்னா பாய், டிவிய மாத்தப் போறியாமே? மாமி சொல்லிச்சி. பெர்சா வாங்கிடாத."

"உனக்கென்னம்மா அதுல?"

அவள் இஸ்திரிப் பெட்டியால் மேலே காட்டினாள். மாமி வீட்டு ஜன்னலுக்கு மேல் சாய்வாகத் திறந்திருக்கும் சின்னக் கண்ணாடிக் கதவு. "அதுல தான் எனக்குத் தெரியுது. அந்தக் கண்ணாடி இத்துனூண்டு கீது. உன் டிவி பெர்சானா எனக்குப் பாதிதான் வரும்."

"அதுல எல்லாம் இடம் வலமா மாறித் தெரியுமே?"

"ஆமா. கிரிக்கெட்ல எல்லாரும் லெப்ட் ஹேண்டு. ஸ்கோரு திருப்பி வரும், நானே நேராக்கிப் படிச்சிக்குவேன். பழகிப் போச்சி பாய்."

கடையில் அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. மொத்தம் எத்தனை பேர் என்று யாரிடமாவது கேட்கலாமா என்று யோசித்தார். கேட்கப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை இரண்டு ஆட்டோவில் ஐந்து பேராகத் தி.நகர் போனார்கள். இசக்கியம்மாள் தன் அபிப்பிராயத்தை மாமியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். கடையின் மூன்றாவது மாடியில் டிவிகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. சைஃப் என்ற இளைஞர் முன்னால் வந்து நின்றார்.

"எவ்வளவு தூரத்துலேர்ந்து பாப்பீங்க, சார்?"

"எட்டடி" என்றார் கலீமுல்லா.

"முப்பத்தோரு அடி" என்றார் ஜானு மாமி.

சைஃப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். அவர் கையால் வரைந்த வரைபடம். டிவியிலிருந்து பாய் வீட்டு ஜன்னல் பன்னிரண்டு அடி, தெரு பதினாலு, அங்கிருந்து மாமாவின் நாற்காலி ஐந்து. வடக்கு எது என்றும் அம்புக்குறி போட்டிருந்தது.

"நடுவுல ஒரு தெரு போகுதே, மேடம்" என்றார் சைஃப்.

"போகட்டும். நாங்க ஒண்ணும் தெருவைத் தடுக்கலையே."

சைஃப் தன்னிடமிருந்த அட்டவணையில் முப்பத்தோரு அடியைத் தேடினார். அட்டவணை பதினெட்டோடு முடிந்திருந்தது. நல்ல பையன். கடையிலேயே பெரிய டிவியின் முன்னால் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். அது ஒரு கட்டில் அளவு இருந்தது. மாமி அங்கிருந்து அடி மேல் அடி வைத்து அளந்துகொண்டே போனார். முப்பத்தொன்று முடிந்த இடம் ஃப்ரிட்ஜ் விற்கும் பகுதி. அங்கே இரண்டு ஃப்ரிட்ஜுக்கு நடுவில் மாமாவை நிறுத்திவிட்டு வந்தார்.

எட்டடியில் உட்கார்ந்த ரூபீனா அரை நிமிஷத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "என்னாங்க, எனக்குத் தலை சுத்துது. அந்த ஓரத்தைப் பாக்கறதுக்குள்ள இந்த ஓரத்துல ஏதோ நடந்து முடிஞ்சிடுது."

ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "எனக்கு இங்கேர்ந்து பிரமாதமா தெரியறது, பாய். கிளி எல்லாம் தத்ரூபமா இருக்கு."

கலீமுல்லா திரையைப் பார்த்தார். கடலுக்கடியில் பச்சை மீன்கள் பாசிக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தன.

இருபத்தாறு வருஷத் தொழில் அவருக்குள் எழுந்து உட்கார்ந்தது. டிவியை விட்டுவிட்டு மாமாவிடம் நடந்தார்.

"எத்தனை கிளி, மாமா?"

"நாலஞ்சு இருக்கும். மரத்துல உக்காந்துண்டிருக்கு."

"இந்தக் கண்ணாடி எப்பப் போட்டது?"

"எங்க பொண்ணு கல்யாணத்துக்கு."

"அவங்களுக்கு இப்போ?"

"அவ பையன் பத்தாவது படிக்கறான்."

கலீமுல்லா ஃப்ரிட்ஜ்களில் ஒட்டியிருந்த தாள்களைப் படிக்கச் சொன்னார். கிட்டத்தில் இருந்ததை மாமா படித்தார். நாலு ஃப்ரிட்ஜ் தள்ளி இருந்ததைக் குத்துமதிப்பாகச் சொன்னார். பத்தாவது ஃப்ரிட்ஜில் தாள் ஒட்டியிருக்கிறது என்பதையே அவர் ஏற்கவில்லை. ஒரு கண்ணை மூடு, மறு கண்ணை மூடு என்று சோதனை வளர்ந்தது. மாமிக்கும் நடந்தது. மாமாவைவிட மாமி மோசம். ஃப்ரிட்ஜ் வாங்க வந்த ஒரு தம்பதி, இது கடையின் இலவச முகாம் என்று நினைத்துப் பின்னால் வந்து நின்றார்கள். அவர்களையும் பார்த்து அனுப்பினார். கடைசியில் சைஃபும் தயங்கித் தயங்கி, தனக்குச் சாயங்காலமானால் தலை வலிப்பதாகச் சொன்னார்.

"டிவி எல்லாம் அப்புறம்" என்று கலீமுல்லா அறிவித்தார். "முதல்ல கண்ணு."

ஐந்து பேரும் நேராக மயிலாப்பூர்க் கடைக்கு வந்தார்கள். முறையாகப் பவர் பார்த்து, கையிருப்பில் இருந்த லென்ஸையே வெட்டி, சாயங்காலம் ஆறு மணிக்குள் இரண்டு கண்ணாடியும் தயார். அன்றிரவு எதிர் ஜன்னலிலிருந்து மாமாவின் குரல் அடிக்கடி கேட்டது. "ஏண்டி, அந்த மாமனாரும் மாப்பிள்ளையும் ரெண்டு பேரா? ஒருத்தன்தான் சட்டை மாத்திண்டு மாத்திண்டு வரான்னு நெனச்சேனே." பச்சைக் கோட்டைப் பற்றி மாமி விசாரித்தார். அது இப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

புது டிவி வாங்காமலே காரியத்தை முடித்துவிட்டதாகக் கலீமுல்லாவுக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமை ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிவரை நீடித்தது.

ரூபீனா சமையலறையில் தேங்காய்ப் பால் பாயசத்தைத் தூக்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள், நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோக. நாஸியா குளித்துக்கொண்டிருந்தாள். கலீமுல்லா ஜன்னலுக்கு முதுகு காட்டி ஸோஃபாவில் உட்கார்ந்து, முந்தின நாள் நடந்த சமையல் போட்டியின் மறு ஒளிபரப்பைப் பார்த்தார். ஒரு கல்லூரிப் பையனின் பரோட்டா வேகவில்லை என்று அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தான்.

"பாய்" என்று எதிரிலிருந்து மாமி கூப்பிட்டார். "அழறேளா என்ன?"

தெருவுக்கே கேட்டது. கையில் கரண்டியோடு ரூபீனா வெளியே வந்தாள்.

"கண்ணைத் துண்டால துடைச்சுக்கறது இப்பத்தான் எங்களுக்குத் தெரியறது" என்றார் மாமி. குரலில் உண்மையான வருத்தம். "இத்தனை வருஷமா தோள் குலுங்கறதை மட்டும் பாத்துட்டு, நீங்க சிரிக்கறேள்னு நெனச்சிண்டிருந்தோம். நாங்களும் கூடவே சிரிச்சிருக்கோம், பாய். மன்னிச்சுடுங்கோ."

கலீமுல்லா துண்டை மடியில் வைத்துக்கொண்டு திரையிலிருந்த பச்சைக் கோட்டையே பார்த்தார். ரூபீனா அவர் முன்னால் வந்து நின்றாள். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம். மாமனார் மௌத்தாகி அடக்கமான அன்றுகூட இவர் அழுது அவள் பார்த்ததில்லை.

"எத்தனை நாளா இது?"

"எப்பவும் இல்ல" என்றார் அவர். "சமையல் போட்டியில யாரையாவது அனுப்பிட்டா மட்டும்தான்."

"ஏன்?"

"நல்லாத்தான் சமைக்கிறாங்க, ரூபீனா. ஒரு நாள் தவறிடுது. உடனே போன்னு சொல்லிடறாங்க. அவங்களும் தேங்க்ஸ் சொல்லிட்டுப் போறாங்க."

அவள் கரண்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிர் ஜன்னலில் மாமாவும் மாமியும் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சிக்கல் அத்தோடு முடியவில்லை. மூன்று மணிக்கு அதே போட்டியின் அரையிறுதி. கரூரிலிருந்து வந்த செல்வநாயகி என்பவர் மேல்தான் கலீமுல்லாவின் நம்பிக்கை எல்லாம். மூன்று மணிக்கு அவர் பாலவாக்கத்தில் இருப்பார், தங்கை வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் யாரும் டிவி போடக் கூடாது. மாமியோ, இவர்கள் கிளம்பிவிட்டால் யார் டிவி போடுவது என்று காலையிலிருந்தே கவலையில் இருந்தார். மாமாவின் கையில் ரிமோட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். முப்பத்தோரு அடிக்கு அது எட்டவில்லை. கடைசியில் சாவி இசக்கியம்மாளிடம் போனது. மாமி கூப்பிட்டால் மேலே போய்ச் சேனல் மாற்றிவிட்டு வர வேண்டும்.

பாலவாக்கத்தில் பிரியாணி நன்றாக இருந்தது. கலீமுல்லா மூன்றிலிருந்து நான்குவரை கடிகாரத்தையே பார்த்தார். ஐந்து மணிக்கு எல்லாரும் கடற்கரைக்கு நடந்தபோது போன் அடித்தது. கபாலி மாமா.

"பாய், தனியா இருக்கேளா?"

"ரூபீனா கூட இருக்கா. சொல்லுங்க மாமா."

"உக்காந்துக்கோங்கோ."

அவர் மணலில் உட்கார்ந்தார். ரூபீனாவும் உட்கார்ந்தாள். நாஸியா அத்தை வீட்டுப் பிள்ளைகளோடு அலையில் நின்றாள்.

"செல்வநாயகியை அனுப்பிட்டா" என்றார் மாமா. "நீங்க எப்பவோ டிவியில பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டாமேன்னுதான் நானே சொல்லிடறேன். நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். இந்தத் தடவை யாரும் சிரிக்கலே. இசக்கியும் மேலே வந்து உங்க ஸோஃபாவுல உக்காந்தா. எல்லாம் தப்புத் தப்பா வருது, இடது கைக்காரா எல்லாம் வலது கையால கிண்டறான்னு அஞ்சு நிமிஷத்துல கீழே போய்ட்டா. வீட்டைப் பூட்டிண்டுதான் போனா, கவலைப்படாதீங்கோ."

கலீமுல்லா போனை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. துண்டு வீட்டில் இருந்தது. ரூபீனா தன் துப்பட்டாவின் நுனியை நீட்டினாள்.

"என்ன சமைச்சாங்களாம்?" என்று கேட்டாள்.

"கேக்கலையே."

"கேக்க வேண்டாமா? என்ன தப்பு பண்ணாங்கன்னு தெரிய வேண்டாமா?" அவள் போனை அவர் கையிலிருந்து வாங்கித் தானே மாமாவின் எண்ணை அழுத்தினாள். "மாமா, நான் ரூபீனா பேசறேன். ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க. நிதானமா. முதல்ல அடுப்புல என்ன வச்சாங்க?"